தக்காளிக்குத் துணை யார்?

இந்தக் கோடைக்கு மச்சான் வீட்டுக்குப் போவதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் உறுதியாக முடிவெடுத்தபோது மனைவி வீட்டில் இல்லை. இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டார்.

மச்சான் கெட்டவர் இல்லை. தங்கமான மனிதர். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். நீச்சல் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலையிலிருந்துதான், விசிலிலிருந்து இல்லை. அது எந்நேரமும் கழுத்தில் தொங்கும். விருந்தாளியாக யார் போய்த் தங்கினாலும் விடியுமுன் ஊதி எழுப்பிவிடுவார். கையைத் தூக்கு, காலை மடக்கு, மூச்சை இழு! போன கோடையில் அங்கே போய்வந்த கடைக்காரருக்கு உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. கண் பரிசோதனைக்கு வந்தவர்களிடம், "நீங்களே கொஞ்சம் கிட்ட வந்து கண்ணைக் காட்டுங்க" என்று சொல்லிச் சமாளித்தார்.

மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். விடுமுறை விட்டால் அண்ணன் வீடு என்பது அவளுக்கு வாய்ப்பாடு மாதிரி. மாற்ற முடியாது. "நான் வரலை" என்று இவர் நேராகச் சொல்லிப் பார்த்த வருஷங்களும் உண்டு. அந்த வருஷங்களிலும் போய்த்தான் வந்தார்.

ஆகவே ஒரு காரணம் தேவைப்பட்டது. டீச்சர் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டால் உளறாத காரணம். வாயே இல்லாத காரணமாக இருந்தால் இன்னும் நல்லது.

மறுநாள் சாயங்காலம் கக்கத்தில் ஒரு கட்டுப் பைகளோடும், இரண்டு கைகளிலும் நாற்றுகளோடும் வந்து நின்றார்.

"என்னங்க இது?"

"க்ரோ பேக்."

"அப்படின்னா?"

"வளருற பைம்மா. மாடியில வச்சு மண்ணு போட்டா, தக்காளி, கத்திரி, வெண்டை, வெள்ளரி, எல்லாம் வரும்."

டீச்சர் அவருடைய சட்டையின் நடுப்பொத்தானைப் பார்த்தாள். அது தாங்க முடியாமல் தாங்கிக்கொண்டிருந்தது. "வளருற பைதான் ஏற்கெனவே ஒண்ணு வச்சிருக்கீங்களே."

"தொப்பை வேற, இந்தப் பை வேற."

"ரெண்டுலயும் கொட்டுறது நீங்கதானே" என்று சொல்லிவிட்டு அவள் விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். எதிர்ப்பு அவ்வளவுதான். கடைக்காரருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பெரிய சண்டைக்குத் தயாராக வந்திருந்தார்.

மொட்டைமாடியில் மண், நார்த்தூள், மண்புழு உரம் எல்லாவற்றையும் கொட்டிக் கலந்தார். பாதி பைக்குள் போனது, மீதி அவர் மேல் விழுந்தது. வெண்டை விதையைப் புதையல் மாதிரி ஆழத்தில் புதைத்தார். அது வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே இருந்துவிட்டது. மறுபடி விதைத்தார். கத்திரிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி நீச்சலே கற்றுக்கொடுத்தார். பையின் அடியில் துளை போட வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. தக்காளி மட்டும் இவரை மன்னித்து மளமளவென்று வளர்ந்தது. குச்சி நட்டு, கீழ்வீட்டுத் தையல்காரரிடம் துணித்துண்டுகள் வாங்கிவந்து அணைத்துக் கட்டினார். கட்டிவிட்டு விரலை முகர்ந்து பார்ப்பார். தக்காளி இலையின் பச்சை வாசம். காரணத்துக்காக வாங்கிய செடி, காரணமில்லாமல் பிடித்துப்போக ஆரம்பித்தது.

கோடை நெருங்கியது. ஒரு நாள் கடையில் யாருக்கோ கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது தன் திட்டத்தில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. பெரிய ஓட்டை. தையல்காரர் அளவு பெரியது. 'அந்த அண்ணனைத் தண்ணி ஊத்தச் சொல்லிட்டுப் போகலாம்' என்று டீச்சர் ஒரே வரியில் விடை எழுதிவிட்டால்?

அன்றைக்கே கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டுத் தையல்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அண்ணே, ஒரு உதவி. எங்க வீட்டுல வந்து, செடிக்குத் தண்ணி ஊத்துவீங்களான்னு கேட்டா..."

"ஊத்திட்டாப் போச்சு. இதுக்கு எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க?"

"ஊத்தக் கூடாது. அதான் உதவி."

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். "ஊத்தாம இருக்கறது உதவியா?"

"முதுகுவலி, மாடிப்படி ஏற முடியலைன்னு சொல்லிடுங்க."

"எனக்குப் பொய் சொல்ற பழக்கமே இல்லைங்களே."

"'நாளைக்குத் தந்துடறேன், நாளைக்குத் தந்துடறேன்'னு என் கால்சட்டையை மழைக்காலம் பூரா வச்சிருந்தீங்களே?"

"அது தொழிலு."

கடைசியில் தங்க நிற ஃபிரேம் போட்ட புதுக் கண்ணாடி ஒன்று கைமாறியது. தையல்காரருக்கு முதுகுவலி வந்தது. காய் நகர்த்துவது என்றால் இதுதான் என்று கடைக்காரர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். மாடியில் இன்னும் ஒரு காய்கூட வரவில்லை என்பது வேறு விஷயம்.

பள்ளி விடுமுறை விட்ட அன்று டீச்சர் பெட்டியை இறக்கினாள்.

கடைக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "போகத்தான் ஆசை. ஆனா இந்த வெயில்ல ஒரு நாள் தண்ணி இல்லைன்னாலும் தக்காளி வாடிடும்மா. குழந்தை மாதிரி வளர்த்துட்டேன்."

"டெய்லர் அண்ணன்கிட்ட சொல்லிட்டுப் போகலாமே."

"கேட்டுப் பாரேன்" என்றார் பெருந்தன்மையாக.

டீச்சர் போய்விட்டு உடனே திரும்பிவந்தாள். "முதுகுவலியாம்."

"அடடா! பாவம், மாடிப்படிகூட ஏற முடியாதே!"

"அதைத்தான் அடுத்து சொல்ல வந்தேன்."

டீச்சர் சற்று நேரம் பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடினாள். "நீங்க சொல்றதும் சரிதான். தக்காளியைத் தனியா விட்டுட்டுப் போறது நல்லா இல்ல."

"அதுக்காக நீ போகாம இருக்காதே. நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. சந்தோஷத்தில்தான்.

"உங்களைத் தனியா விட்டுட்டா? யோசிக்கிறேன்."

அவள் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் இவர் கனவு கண்டுகொண்டிருந்தார். மத்தியானம் வரைக்கும் தூக்கம். மேசை மேல் கால். யார் கையும் படாத டிவி ரிமோட். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பாட்டு முணுமுணுத்தார். தக்காளியிலும் மஞ்சள் மஞ்சளாகப் பூ விட்டிருந்தது. செடிக்கே மனசு நிறைந்துவிட்டது என்று நினைத்தார்.

ஒரு காலையில் அப்படி முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது தெருவில் விசில் கேட்டது.

போக்குவரத்துப் போலீஸ் என்று நினைத்தார். நினைக்க விரும்பினார். மாடிச் சுவரில் வயிற்றை அழுத்தி எட்டிப்பார்த்தால், வாடகைக் காரிலிருந்து மச்சான் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே மச்சானின் மனைவி. அதற்குப் பின்னால் பெட்டிகள்.

"மாப்பிள்ளை! செடியைப் பார்த்துக்க ஆள் இல்லைன்னு தங்கச்சி போன் பண்ணினா. இதோ ஆள் வந்தாச்சு!"

அடுத்த நாள் முதல் மொட்டைமாடி பயிற்சிக்கூடமானது. மச்சான் வீட்டில் வெறுங்கையோடு செய்த பயிற்சியை இங்கே இரண்டு கையிலும் வாளியோடு செய்ய வேண்டியிருந்தது. "தண்ணியும் ஊத்தினாப்புல, தோளும் இறுகினாப்புல!" என்று மச்சான் ஊதினார். குனிந்து வெள்ளரிக்கு, நிமிர்ந்து தக்காளிக்கு, உட்கார்ந்து கத்திரிக்கு, எழுந்து வெண்டைக்கு. செடிகள் குடித்ததைவிட இவர் சட்டை அதிகம் நனைந்தது.

"கீழ்வீட்டுக்காரருக்கு முதுகுவலின்னு தங்கச்சி சொன்னாளே? எங்க அவரு?"

தையல்காரரும் மாடிக்கு வரவழைக்கப்பட்டார். வலியே இல்லாமல் வந்தவர், பயிற்சி முடிந்து உண்மையாகவே முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இறங்குமுன் தங்க ஃபிரேம் வழியாகக் கடைக்காரரை முறைத்தார். பவர் சரியாகத்தான் போட்டிருந்தது. முறைப்பில் மங்கலே இல்லை.

உடம்பு முழுக்க வலியோடு கடைக்காரர் படியிறங்கி வந்த ஒரு காலையில், கூடத்தில் டீச்சரும் அவள் அண்ணியும் பளிச்சென்று உடுத்திக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் பெட்டிகள்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"கடற்கரைக்கு. நானும் அண்ணியும். ரூம் போட்டாச்சு."

"நானும் வர்றேன்!"

"செடி?"

"மச்சான் பார்த்துப்பாரு."

"அண்ணனுக்குச் செடியைப் பத்தி என்னங்க தெரியும்? குழந்தை மாதிரி வளர்த்தது நீங்க."

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, உண்மையைச் சொல்லிடறேன். இந்தச் செடியெல்லாம்..."

"தெரியும். டெய்லர் அண்ணன் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு 'முதுகுவலி'ன்னாரு."

"அப்பவே தெரியுமா?"

"பை வாங்கிட்டு வந்த அன்னிக்கே தெரியும். தட்டுல விழுற கத்திரிக்காயை ஓரமா ஒதுக்கி வைக்கிற மனுஷன், காய் வளர்க்கப் போறேன்னா நம்பிடுவேனா?" அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அண்ணிக்குக் கல்யாணமானதிலிருந்து விசில் இல்லாம ஒரு நாள்கூட விடிஞ்சதில்லையாம். நாங்க ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வரணும்னு ரொம்ப நாளா வழி தேடிட்டிருந்தோம். அதுவரைக்கும் அண்ணன் விசில் ஊதி வேலை வாங்க ஒரு ஆள் கிடைக்கலை. நீங்கதான் கிடைச்சீங்க."

அண்ணி மட்டும் அவரை நன்றியோடு பார்த்தாள். "நல்லா இருப்பீங்க" என்றாள். மனதாரச் சொன்னாள்.

இவ்வளவு நாளும் இவர் செடிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் இவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"எப்பம்மா வருவீங்க?"

"முதல் தக்காளி பழுத்ததும் ஒரு போன் பண்ணுங்க. உடனே கிளம்பி வந்துடறோம்."

கார் போய்விட்டது. கடைக்காரர் யோசித்தார். தக்காளியில்தான் பூ வந்துவிட்டதே! பூ என்றால் பிஞ்சு. பிஞ்சு என்றால் காய். காய் என்றால் பழம். எருவை இன்னும் கொஞ்சம் தூக்கிப் போட்டால் எல்லாம் சீக்கிரம் நடந்துவிடும். வலியை மறந்து படிகளைத் தாவி ஏறினார். மச்சானின் பயிற்சி வீண்போகவில்லை, மூச்சுகூட வாங்கவில்லை.

மச்சான் தக்காளிப் பைகளின் நடுவே நின்று கையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் தரை முழுக்க மஞ்சளாக இருந்தது.

"மச்சான்... பூவெல்லாம்?"

"கிள்ளிப் போட்டுட்டேன் மாப்பிள்ளை. முதல்ல செடிக்கு உடம்பு தேறட்டும். காய்க்கிறதைப் பத்தி நிதானமா அடுத்த மாசம் யோசிக்கலாம்."