மேட்டு டிரைவரும் ஒரு சமதரையும்

சமதரை என்பது உலகத்துக்கு நேர்ந்த பெரும் பிழை என்று உளமார நம்பிய மனிதர் ஒருவரைத்தான் நான் கண்டிருக்கிறேன். மஸ்கெலியாப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிராக்டரை ஓட்டியவர் அவர். மேட்டு டிரைவர் என்றே எல்லோரும் அழைத்தோம். தாய் தகப்பன் இட்ட பெயர் அவருக்கே மறந்திருக்கக்கூடும்.

நம்பிக்கைக்குக் காரணம் அந்த வண்டிதான். வெள்ளைக்காரத் துரைமார் விட்டுச்சென்ற சாம்பல் நிற டிராக்டர். தொண்ணூறுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, அதற்குச் செல்ஃப் எடுக்காது. சரிவில் உருட்டினால்தான் உயிர் வரும். வந்த உயிரும் நிலையற்றது. நின்ற இடத்தில் ஓடவிட்டால் இரண்டு நிமிடத்தில் இருமி அடங்கிவிடும். ஆகவே அவர் எங்கே போனாலும் வண்டியை ஒரு மேட்டின் தலையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, மீதித் தூரத்தை நடந்து கடப்பார்.

வட்டவளையில் பெண் பார்க்கப் போனவர், பெண் வெளியே வருவதற்குள் தகப்பனாரிடம் கேட்டாராம்:

"வீட்டுக்கிட்ட மேடு ஏதும் இருக்குங்களா?"

"முன்னால சமதரைங்க. பின்னால கோயிலுக்குப் போற மேடு இருக்கு."

"அப்ப எனக்குச் சம்மதங்க."

அவர் மனைவி இதை மன்னிக்கவே இல்லை. "என்னைய எங்க பாத்தாரு? மேட்டத்தான பாத்துட்டு வந்தாரு" என்று கொழுந்து நிறுக்குமிடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்.

தோட்டத்துக்குப் புதிதாக மேலாளராக வந்த துரை, டிராக்டரைப் பார்வையிட வேண்டுமென்று ஆபீஸ் முற்றத்துக்கு வரவழைத்தார். முற்றம் சமதரை. மேட்டு டிரைவர் வட்டமடித்தார். துரை கையில் காகிதத்தோடு பக்கத்திலேயே ஓடினார்.

"நிப்பாட்டு மேன்."

"நின்னா நின்னதுதானுங்க தொர. நீங்க பாட்டுக்குப் பாருங்க."

ஏழாம் சுற்றில் துரைக்கு மூச்சு வாங்கியது. வண்டி நல்ல நிலையில் இருப்பதாகக் கையெழுத்திட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகவேண்டிய காலையில் பஸ் வரவில்லை. அந்தப் பரீட்சையை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுதலாம். தேறினால் பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கும் என்று அம்மா ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி என்னை எழுப்பியிருந்தார். அவர்தான் மேட்டு டிரைவரிடம் ஓடினார்.

"அண்ணே, ஒம்போதும் பத்திரம். கண்ணு மறைய விட்டுறாதீங்க."

"விடமாட்டேன் தங்கச்சி. சத்தியம்."

டிராக்டரின் பின்பெட்டியில் கொழுந்துச் சாக்குகளின் மேல் அமர்ந்து மஸ்கெலியா போய்ச் சேர்ந்தோம். பரீட்சை மண்டபம் விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் இருந்தது. மைதானமோ ஈவிரக்கமற்ற சமதரை. சத்தியம் செய்தவர் மேடு தேடிப் போகவும் முடியாது. எனவே சுற்றினார். நான் ஒரு கணக்கைத் தொடங்கும்போதெல்லாம் டிராக்டர் ஜன்னலைக் கடந்தது. கூட்டிய எண் மறந்துபோயிற்று. மூன்றாம் கணக்கில் அழத் தொடங்கினேன்.

மேற்பார்வைக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் என் விடைத்தாளைப் பார்த்தார்; வெளியே போனார்.

"அண்ணை, உந்த டிராக்டரை நிப்பாட்டுங்கோ. பிள்ளையளுக்கு எழுத ஏலாமக் கிடக்கு."

"நிப்பாட்டினா வீட்டுக்குப் போக முடியாதுங்க சார்."

"சோதினை பாஸ் பண்ணாட்டி வீட்டுக்குப் போய் என்ன செய்யிறது?"

மேட்டு டிரைவர் இன்னொரு சுற்று யோசித்தார். பிறகு சத்தம் நின்றது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி, இழவு வீட்டுக்கு வந்தவர்போல் டிராக்டரின் அருகே நின்றிருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் கணக்குக்குத் திரும்பினேன்.

பரீட்சை முடிந்ததும் ஒன்பது பிள்ளைகளும், மற்றத் தோட்டத்துப் பெற்றோரும், கால்சட்டையை மடித்துவிட்ட ஆசிரியரும் சேர்ந்து மைதானம் முழுக்கத் தள்ளினோம்.

"இன்னும் பலமாத் தள்ளுங்கோ."

"பைய சார், பைய. அதுக்கும் வயசாச்சுங்க."

மூன்றாம் சுற்றில் டிராக்டர் உறுமியது. இரண்டு நிமிடத்துக்குள் ஒன்பது பேரும் ஏறிக்கொண்டோம். கையசைத்த ஆசிரியர் கரும்புகையில் மறைந்தார்.

நான் தேறினேன். "நான் நிப்பாட்டினதாலதான் புள்ள பாஸு" என்று மேட்டு டிரைவர் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியை நிறுத்திச் சொல்லிக்கொண்டு போனார்.

இப்போது கொழும்பில் இருக்கிறேன். என் கார் சாவியைத் திருப்பியதும் ஓடும். ஆயினும் சிறு சரிவொன்று தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, மீதித் தூரத்தை நடந்து கடக்கிறேன்.