மூன்றாம் நம்பர் டிரம்பெட்

என் வீட்டுக்காரர் சாலமன்ராஜ் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். குறை அவர் உதட்டில் இல்லையாம், டிரம்பெட்டில்தானாம்.

ஈஸ்டர் ஆராதனைக்கு எங்கள் கோயில் குழு ஒரு பழைய ஐரோப்பிய இசையைப் பழகிக்கொண்டிருந்தது. அதில் டிரம்பெட் தனியாக உச்சிக்கு ஏறவேண்டிய இடம் ஒன்று. மூன்று வாரமாக இவர் அங்கே வழுக்கி விழுகிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிவராவிட்டால் அதைக் கீபோர்டுக்குக் கொடுத்துவிடுவதாகக் குழுவை நடத்தும் ஜெபமணி மாஸ்டர் சொல்லிவிட்டார்.

"இது பி ஃப்ளாட் டிரம்பெட், கனகம். கிளாசிக்கலுக்கு ஆகாது. வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ராவுல இதைவிடக் குட்டையான சி டிரம்பெட் வச்சு ஊதுறான். இன்னும் உசரம் வேணும்னா ஈ ஃப்ளாட். குழாய் குட்டையானா சத்தம் தானா மேல ஏறும்."

"குட்டைக் குழாயில சுரம் குறி தப்பாம விழும், அம்புட்டுத்தான். உசரத்துக்கு ஏத்தவேண்டியது உதடுதான?"

"நீ கான்வென்ட் பேண்டுல ஊதுனது மார்ச் பாஸ்ட்டுக்கு. பேசாம இரு."

கல்யாணத்தோடு எனக்கும் காற்றுக்குமான சம்பந்தம் குக்கர் விசிலில் வந்து நின்றுவிட்டதாக இவருக்கு நினைப்பு. காலையில் கம்பெனி வேன் இவரைப் பட்டாசு ஆலைக்கு ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பியதும், இவருடைய டிரம்பெட்டை எடுத்து ஒரு மணி நேரம் ஊதுவேன். பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளுக்குத் தெரியும். சாத்தூர் ரோட்டுப் பால்காரருக்குக்கூடத் தெரியும். இவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை மாஸ்டர் வந்தார். மதுரைக் கடையிலிருந்து ஒரு சி, ஒரு ஈ ஃப்ளாட், ஊதிப் பார்த்துவிட்டுச் சொல்வதாக வாங்கி வந்திருந்தார்.

"பிடிச்சதை வச்சுக்கிட்டு நம்ம பழசைக் கடையில தள்ளிருவோம் மாஸ்டர்" என்றார் இவர்.

பழசு போனால் என் காலைகள் போச்சு.

"என்னங்க, லேபிளை உரிச்சிட்டுப் பட்டாசை வெடிச்சாலும் சத்தத்துலயே எது நல்ல சரக்குன்னு சொல்லுவீகளாமே. இதையும் அப்படிப் பாத்தா என்ன?"

புகழ்ச்சிப் பொறி பட்டால் போதும், இவர் திரி கிள்ளிய சரவெடி.

"நம்பர் போட்டு வைங்க. உள்ள இருந்து ஊதுங்க மாஸ்டர். பழசையும் சேத்து வைங்க, அப்பத்தான் வித்தியாசம் தெரியும்" என்றார்.

கையைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்தார், ஆலையில் சேம்பிள் பார்க்க உட்காருகிற அதே மிடுக்கோடு. நான் மாஸ்டரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். "நீங்க நம்பர் மட்டும் சொல்லுங்க" என்று அவர் கையிலிருந்து சியை வாங்கினேன். மாஸ்டருக்குப் புருவம் ஏறியது. பிறகு இறங்கவே இல்லை.

"ஒண்ணு" என்றார் மாஸ்டர். பழகாத விரல், சி கொஞ்சம் தடுமாறியது. ஈ ஃப்ளாட்டில் சுரம் சுத்தமாக விழுந்தாலும் சத்தம் மெலிந்திருந்தது. மூன்றாவதை எடுத்தேன். இவர் வழுக்குகிற அந்த உச்சியில் போய் நின்று, சாவகாசமாக இறங்கினேன்.

"நிறுத்துங்க மாஸ்டர். மூணுதான்."

"நல்லாக் கேட்டீகளா?" என்றேன் உள்ளிருந்தே.

"ஒண்ணு நம்ம பழசு. அந்தத் தடுமாத்தம் எனக்குத் தெரியாதா? ரெண்டு ஒல்லியாக் கத்துது. மூணுதான் கிளாசிக்கல். மத்ததைக் கடைக்கு அனுப்பிருங்க. ஜெர்மன் சரக்கா மாஸ்டர்?"

கதவைத் திறந்து மூன்றாம் நம்பரை இவர் மடியில் வைத்தேன். எங்கள் பழசு எப்போதோ பைக்கிலிருந்து விழுந்து நசுங்கிய இடத்தை இவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுல எப்படி ஊதுனீக மாஸ்டர்?"

"நான் எங்க ஊதுனேன்? நம்பர்தான் சொன்னேன்."

என் உதட்டில் வட்டமாகப் பதிந்திருந்த தடத்தை இவர் அப்போதுதான் பார்த்தார்.

"எம்புட்டு நாளா?"

"கம்பெனி லீவு தவிர எல்லா நாளும்."

ஈஸ்டரன்று நான்தான் ஊதினேன். ஆராதனை முடிந்து பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டபோது, இவர் கூட்டத்துக்குள் முண்டியடித்து வந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்: "மூணையும் கேட்டு, இந்த டிரம்பெட்தான்னு தேர்ந்தெடுத்தது நான்."