தொண்டை கட்டிய இரண்டு பிள்ளைகள்

தானாகப் போய்த் தம்பியிடம் முதலில் பேசுவதில்லை. அப்பாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து குளிக்கும்போதே கடிகாரக்காரர் இந்த முடிவுக்கு வந்துவிட்டார்.

முடிவு பழசுதான். சிக்கல்தான் புதுசு. தண்ணீர் மோட்டாரை நிறுத்தாமல் போனது யார் என்பதில் தொடங்கி, அண்ணனும் தம்பியும் பல வருஷமாகப் பேசுவதில்லை. கீழே அண்ணன், மாடியில் தம்பி, பேச்செல்லாம் அப்பா வழியாக. "உங்க மூத்த பிள்ளைகிட்ட ஸ்கூட்டரை நகர்த்தச் சொல்லுங்கப்பா." மூத்த பிள்ளை பக்கத்திலேயே நிற்பார். அப்பா திருப்பிச் சொன்ன பிறகுதான் அவருக்குக் காது கேட்கும்.

இப்போது அப்பா இல்லை; பஸ் ஓட்டும் தம்பி மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். வேறு இடம் பார்த்துவிட்டானாம். 'இருடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் இருப்பான். அந்த வார்த்தை கடிகாரக்காரரின் தொண்டை வரை வந்தது. அங்கேயே குடியேறிவிட்டது.

"ஏங்க, நாளைக்குத் துக்கம் கேட்க வருவாங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் மனைவி.

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"கட்டிக்கிச்சா?"

தலையாட்டினார். பேச முடியாதவனை யார் குறை சொல்வார்கள்? தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

அவள் மாடி ஏறிப் போய்விட்டு வந்தாள். "உங்க தம்பிக்கும் கட்டிக்கிச்சாம்."

மறுநாள் அச்சகத்துக்காரர் வந்தார். கழுத்தில் ஆளுக்கொரு துண்டோடு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அவருடைய அச்சகத்தில் பிழை திருத்தியவர். வீட்டிலும் அதே வேலைதான். பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. முந்தின நாள் பிண வண்டிக்காரன் அப்பாவுக்கு ஒரு வயது கூட்டிச் சொன்னபோது, இருவரும் அழுகையை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பக்கமிருந்து அவனைத் திருத்தினார்கள்.

"மாமா மாதிரி வராதுங்க," என்று ஆரம்பித்தாள் மனைவி. "சின்ன வயசுல இவரு படியில உருண்டு காலை உடைச்சுக்கிட்டப்ப, மாமாதான் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு."

கடிகாரக்காரருக்கு உடம்பெல்லாம் அரித்தது. அடக்கிப் பார்த்தார்.

"உருண்டது நான் இல்ல, இவன்!"

"தூக்கிட்டு ஓடினது அப்பா இல்ல அண்ணி, அண்ணன்!"

"வழியெல்லாம் என் தோளைக் கடிச்சுக்கிட்டே வந்தான். இடது கால்."

"வலது."

"இடதுடா!"

"என் காலு எனக்குத் தெரியாதா? நீ ஒண்ணு!" தம்பி பேன்ட்டைச் சுருட்டினான். தழும்பு வலது காலில்தான் இருந்தது.

"தொண்டையப் பார்த்துக்கங்க," என்று சொல்லிவிட்டு அச்சகத்துக்காரர் எழுந்து போனார்.

தம்பி பேன்ட்டை இறக்கவில்லை. "அன்னைக்கு நீ செருப்புகூடப் போடலண்ணே. வெயில்ல அப்படியே ஓடின."

கடிகாரக்காரருக்கு அது மறந்தே போயிருந்தது. பல வருஷமாக ஒருவன் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்.

"இருடா," என்றார். குரல் உண்மையாகவே கட்டியிருந்தது.

சாயங்காலம் பெட்டிகளைப் பிரிக்கும் சத்தம் மாடியிலிருந்து கேட்டது. மனைவியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கும்பிட்டால் மரியாதை என்னாவது?

"எங்க வீட்டுக் கதை ஒண்ணுகூட உனக்குச் சரியாத் தெரியல," என்றார். "நல்லவேளை, நான் பெருந்தன்மையா வாயைத் திறந்தேன்."

"ஆமாங்க. 'ரெண்டும் பேசாதுங்க, ஆனா தப்பை மட்டும் விடாதுங்க'ன்னு மாமாதான் படுக்கையில இருந்தே எனக்கு அந்தத் தப்பைச் சொல்லிக்கொடுத்தாரு."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. போகிற நேரத்திலும் அப்பா சும்மா இருக்கவில்லை.

"அழுது முடிச்சிடுங்க," என்றாள் அவள். "உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசாத உங்க தங்கச்சி நாளைக்கு வெளிநாட்டுலேர்ந்து வர்றா. அவளுக்காகவும் மாமா எனக்கு ஒரு தப்பு சொல்லிக்கொடுத்திருக்காரு."