கிழக்குப் பார்த்த வண்டி

மழைக்காலத்தில் வண்டியிலேயே குடியிருப்பதைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் யாரும் மழைக்காலத்தில் வண்டியில் குடியிருந்தவர்கள் அல்லர். இதை நான் உறுதியாகச் சொல்வேன். அப்படிப் புகழ்ந்து எழுதியவர்களில் நானும் ஒருவன். பத்திரிகை அலுவலகத்தின் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ஞாயிறு இணைப்புக்காக ஒரு பக்கம் எழுதினேன். 'கூரை மேல் மழையின் தாளம்' என்று தலைப்பும் வைத்தேன். அந்தத் தலைப்பை வைத்த விரல்களைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு, செங்கல்பட்டில் இருந்த எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தோம். அதுவரை எங்கே இருப்பது? என் மனைவி ரேவதி வாடகைக்கு வீடு பார்க்கச் சொன்னாள். எந்தப் புத்தியுள்ள மனிதனும் அதைத்தான் செய்வான். நான் என் மச்சானின் பேச்சைக் கேட்டேன்.

மச்சான் என்றால் ரேவதியின் அண்ணன் தணிகாசலம். மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கைத்திறமை அதிகம், அதை எங்கே நிறுத்துவது என்ற அறிவு குறைவு. செல்போனில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஒரு பழைய பிக்கப் வண்டியின் முதுகில் மரப்பலகையும் தகரமும் வைத்து ஒரு அறை கட்டியிருந்தார். வண்டி ஓடும்போது கூரை தாழ்ந்து பெட்டி போல இருக்கும். நிறுத்தியதும் நான்கு மூலையிலும் உள்ள கம்பிகளைத் தூக்கினால் கூரை மேலே எழும்பும். கூரைக்கும் பலகைக்கும் இடையில் நான்கு பக்கமும் தார்ப்பாய்த் துணிச் சுவர், அதில் ஜிப் வைத்த ஜன்னல்கள். உள்ளே ஒரு மெத்தைப் பலகை, அதையொட்டி ஒரு கேஸ் அடுப்பு. இதற்கு அவர் வைத்த பெயர் 'மடக்கு மாடி'.

"மாப்ள, கடலோரமா நிறுத்திக்கோ. காத்தால எழுந்தா சமுத்திரம். நீ எழுதுற ஆளு, உனக்கு இன்னா வேணும் வேற?" என்றார்.

(எனக்கு வேண்டியிருந்தது ஒரு சுவர். துணியில் செய்யாத சுவர். அது அப்போது தெரியவில்லை.)

மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஈசிஆரிலிருந்து கடல் பக்கம் இறங்கும் மண்பாதையில் மச்சானின் நண்பருக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அங்கே குடியேறினோம். நான், ரேவதி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் யாழினி. குடிவைக்க மச்சானும் வந்திருந்தார்.

ரேவதி இதற்குச் சம்மதித்ததற்கு ஒரே ஒரு காரணம்தான். அடுத்த வாரம் அவளுக்கு நாவலூரில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு. கணக்குப் பிரிவில் வேலை. யாழினி பிறந்தபோது விட்ட வேலையை அவள் மறுபடி பிடிக்க எழுதாத விண்ணப்பம் இல்லை. பதில் வந்தது இந்த ஒரு இடத்திலிருந்துதான். "அங்கிருந்து கோவளம், கேளம்பாக்கம், நாவலூர். நேராக வண்டியிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவேன்" என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கென்று எடுத்து வைத்திருந்த மைநீலப் பட்டுப்பருத்திப் புடவையை, வண்டிக்குள் ஏறியதுமே மடித்து மெத்தைக்கு அடியில் வைத்தாள். இஸ்திரிக்காரர் இல்லாத இடத்தில் மெத்தைதான் இஸ்திரிப் பெட்டி.

பாதை ஓரமாகக் கெட்டியான செம்மண் மேட்டில் வண்டியை நிறுத்தினேன். நல்ல இடம். அங்கேயே விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

"பால் காய்ச்சணும்ல?" என்றார் மச்சான்.

"வண்டிக்கு எதுக்குண்ணா பாலு?" என்றாள் ரேவதி.

"குடித்தனம் பண்ணப்போற. பால் காய்ச்சாம குடி பூந்தா வெளங்குமா? பாலு கிழக்கால பொங்கி வழியணும். இப்ப வண்டி வடக்க பாத்துகினு கீது. அடுப்பு பக்கம் சாய்வு சரியில்ல. மாப்ள, வண்டிய கிழக்கால திருப்பு."

நான் பகுத்தறிவு பேசுகிறவன். வாஸ்து பற்றி வந்த கட்டுரைகளை மேசையில் வைத்து இரக்கமில்லாமல் வெட்டியவன். ஆனால் மச்சானுடன் வாதாடுவதைவிட ஸ்டியரிங்கைத் திருப்புவது சுலபமாக இருந்தது. பகுத்தறிவு பெரும்பாலும் இப்படித்தான் தோற்கிறது.

மச்சான் முன்னால் நின்று கையை ஆட்டினார். "வா... வா... இன்னும் வா..."

"அண்ணா, அது பள்ளம்ணா!"

"கிழக்கு அங்கதானே கீது, அதுக்கு நான் இன்னா பண்றது? வா மாப்ள!"

முன் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கின. வண்டி கிழக்குப் பார்த்து, மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. மச்சான் சாமி கும்பிட்டார். பால் பொங்கியது. அழகாக, சாஸ்திரப்படி, கிழக்கே வழிந்தது. கிழக்கே கடல் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அடுப்புக்குக் கிழக்கே மெத்தை இருக்கிறது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

"துடைங்க, துடைங்க" என்றாள் ரேவதி. கண்ணுக்குத் தெரிந்ததை நான் துடைத்தேன். "துடைச்சாச்சு" என்றேன். மச்சான் பஸ் ஏறி ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு.

அந்த வாரத்தை எப்படிச் சொல்வது? ஊட்டிக்காரர்கள் எங்கள் குளிரைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக்குச் சுவர் இருக்கிறது. எங்களுக்கு வாடைக்காற்று துணி வழியே வந்து, போர்வை வழியே போய், எலும்பில் உட்கார்ந்தது. ஜிப்பைத் திறந்தால் மழை உள்ளே வந்தது. ஜிப்பை மூடினால் எங்கள் மூச்சே துணியில் வியர்த்து, திரண்டு, சொட்டியது. வெளியே பெய்வது வானத்து மழை, உள்ளே பெய்வது எங்கள் சொந்த மழை. சோறு வடித்தால் மழை. டீ போட்டால் தூறல். மூவரும் ஒரே நேரத்தில் பேசினால்கூட மேல்துணி நனைந்தது. (பிறகு பேசுவதையும் குறைத்துக்கொண்டோம். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன.)

துவைத்த துணி காயவில்லை. காய்ந்திருந்த துணி நனைந்தது. உப்பு கரைந்து தண்ணீரானது. அப்பளம் தோசையானது. தீப்பெட்டி நல்ல மனதோடு முயன்றது, முடியவில்லை. ஒருவர் நிமிர்ந்தால் இன்னொருவர் உட்கார வேண்டும். வெளியே போனவர் ஈரக் குடையோடு உள்ளே வந்தால் குடைக்கு ஒரு இடம், அதனால் ஆளுக்கு இடமில்லை.

மச்சானுக்குப் போன் செய்தேன்.

"ஜிப்பத் தொறந்து வெய்யி மாப்ள, காத்து வரணும்."

"காத்தோட மழையும் வருது மச்சான்."

"அப்ப மூடிக்கோ."

"மூடினா உள்ள சொட்டுது."

"அப்ப கொஞ்சமா தொற."

இந்த ஆலோசனைக்காக அவரை எந்தச் சட்டத்தின் கீழும் கைது செய்ய முடியாது என்பது நம் நாட்டின் குறை.

இதற்கு நடுவில் ஒரு நாற்றம் தொடங்கியது. முதலில் லேசாக. பிறகு அதுவும் எங்களோடு குடித்தனம் செய்தது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் விசாரணையை நானே ஏற்றேன். யாழினியின் பள்ளிக்கூட ஷூவைச் சந்தேகித்து வெளியே வைத்தேன். ஷூ நனைந்தது, நாற்றம் போகவில்லை. ரேவதி என் சாக்ஸைச் சந்தேகித்தாள். யாழினி, "நைனா, நீ குளிச்சியா?" என்று என்னையே சந்தேகித்தாள். கடைசியில், "கடல் பக்கம்னா அப்படித்தான்" என்று விசாரணையை முடித்து வைத்தேன். வங்கக் கடல் மீது இவ்வளவு அநியாயமான பழியை வேறு யாரும் போட்டதில்லை.

நேர்முகத் தேர்வு நாள் காலை. மழை சற்று விட்டிருந்தது. வண்டியைக் கிளப்ப வேண்டுமென்றால் முதலில் கூரையை இறக்க வேண்டும். ஈரத்தில் கம்பிகள் இறுகிப்போயிருந்தன. தொங்கினேன், இறங்கவில்லை. சரி, கூரையோடேயே ஓட்டலாம் என்று எஞ்சினைப் போட்டேன். பின் சக்கரம் சுற்றியது. முன் சக்கரம், கிழக்கே திரும்பிய அந்தப் புண்ணியச் சக்கரம், சேற்றுக்குள் இன்னும் ஒரு சாண் இறங்கியது.

அந்த நேரம் பார்த்து ரேவதி மெத்தையைத் தூக்கினாள்.

பால். அந்த வெள்ளிக்கிழமைப் பால். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் புகுந்து, புளித்து, திரிந்து, பச்சை பூத்து, மைநீலப் புடவையின் எல்லா மடிப்புக்குள்ளும் போயிருந்தது. புடவையை விரித்ததும் யாழினி வெளியே குதித்தாள்.

ரேவதி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"துடைச்சாச்சுன்னு சொன்ன இல்ல?" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீங்க' என்று சொல்லி வந்தவள். அன்று 'நீ'க்கு இறங்கினாள். இன்றுவரை மேலே ஏறவில்லை.

அணிந்திருந்தது நைட்டி. பெட்டியில் இருந்த மற்ற புடவைகள் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் புள்ளி புள்ளியாக இருந்தன. நாவலூருக்குப் போக வண்டி இல்லை, உடுத்தப் புடவை இல்லை. நான் சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டு, "ஒரு வழி யோசிப்போம்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வார்த்தை அங்கேயே செத்தது.

அப்போதுதான் மண்பாதையில் ஒரு குட்டி லோடு ஆட்டோ வந்தது. மீன் கூடைகளுக்கு நடுவில் அஞ்சலை. பக்கத்துக் குப்பத்துக்காரி, கேளம்பாக்கம் சந்தைக்கு மீன் கொண்டுபோகிறவள். தினமும் எங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவாள். அன்று வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"இன்னா அண்ணாத்த, வூட்ட தூக்கினு வந்து பள்ளத்துல வெச்சிகினு கீற? அவ்ளோ மேடு கீதே, கண்ணு தெரியல?"

"பால் காய்ச்ச... கிழக்குப் பக்கம்..." என்று ஆரம்பித்தேன்.

"பேஜாரு புடிச்ச ஆளா கீறியே!" என்று என்னை முடித்துவிட்டு, ரேவதியிடம் திரும்பினாள். "நீ ஏம்மா அழுவுற?"

ரேவதி சொன்னாள். அஞ்சலை புடவையை ஒருமுறை முகர்ந்தாள். ஆயுள் முழுக்க மீனோடு இருந்தவள் முகத்தைச் சுளித்தாள். "ஐய, இத்த எறி. என் பொண்ணு புடவ வூட்ல கீது, பொட்டியிலேர்ந்து பிரிக்காதது. போற வழியில வூட்டாண்ட நிறுத்துறேன், கட்டினு போ. கேளம்பாக்கம் வரிக்கும் நான் வுடுறேன், அங்கேர்ந்து பஸ் புடி. ஏறு, நேரமாச்சி."

"மீன் வாசன வருமே அக்கா."

"இந்த வூட்டு வாசனைக்கு மீன் வாசன மல்லிப்பூவு. ஏறும்மா!"

ரேவதி ஏறினாள். யாழினியும் ஏறினாள். யாரும் என்னை ஏறச் சொல்லவில்லை. ஆட்டோ போகும்போது அஞ்சலை கத்தியது மட்டும் கேட்டது: "அண்ணாத்த, வண்டிய பாத்துக்கோ, ஓடிடப் போவுது!"

வேலை கிடைத்தது. கடைசியாக, "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார்களாம். "பள்ளத்துலேர்ந்து" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்ததாம், அடக்கிக்கொண்டாளாம். அதே வாரம் நாவலூரில் ஒரு வாடகை வீட்டை அவளே பார்த்து, அவளே பேசி, தாயும் மகளும் குடியேறினார்கள். பால் காய்ச்சவில்லை. என்னைப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

மழை ஓய்ந்ததும் மச்சான் டிராக்டரோடு வந்தார். சங்கிலி கட்டி இழுத்தார். போல்ட்டுகள் பிய்ந்தன. வண்டி வெளியே வந்தது, மடக்கு மாடி வரவில்லை. "பாத்தியா மாப்ள, ஃபிட்டிங் எவ்ளோ ஸ்ட்ராங்கு!" என்றார் மச்சான். எதைச் சொல்கிறார் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

அது இன்னும் அதே பள்ளத்தில் கிழக்குப் பார்த்தபடி இருக்கிறது. அஞ்சலையின் ஆடுகள் குடியிருக்கின்றன. போன மழையில் அந்தப் பக்கம் போனபோது, "ஆடு நனையலயா?" என்று கேட்டேன்.

"நனையுது அண்ணாத்த. ஆனா அதுங்க பேப்பர்ல எழுதறதில்ல."

எங்கள் வீட்டில் இப்போது நான் எந்த வண்டியின் சாவியை எடுத்தாலும் யாழினி கேட்பாள்: "நைனா, கிழக்கு எந்தப் பக்கம்?" மச்சான் வீட்டுக் குழந்தைகள்வரை இது பரவிவிட்டது.

சென்ற தை மாதம் செங்கல்பட்டில் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். அஞ்சலைதான் முதல் விருந்தாளி. அடுப்படியில் எல்லோரும் கூடி நிற்க, பால் பொங்கியது. பொங்கி, நிதானமாக, மேற்கே வழிந்தது. மச்சான் வாயைத் திறந்தார். ரேவதி என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், பிறகு சுவரைத் தட்டிக் காட்டினாள்.

"நல்லவேள, இத்த திருப்ப முடியாது."