தங்கத்துக்கு ஒரு டிக்கெட்

"ஒரு டிக்கெட் குறையுதே, தங்கம்!" என்றார் சுயம்புலிங்கம்.

"குறையல. நான் இன்னொரு நாள் பார்த்துக்கிடுதேன். நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க," என்றாள் அவர் மனைவி.

கோடை விடுமுறைக்கென்று திசையன்விளையிலிருந்து அவர் தம்பி குடும்பத்தோடு தி.நகர் வீட்டில் வந்து இறங்கிய நாள் முதல் தங்கம் அடுப்படியை விட்டு நகரவில்லை. பாண்டிய ராணி ஒருத்தியின் கதை, அவசியம் பார்க்க வேண்டிய படம் என்று எல்லோரையும் கிளப்பிவிட்டவளும் அவள்தான். தனக்கு மட்டும் டிக்கெட் எடுக்கவில்லையே! இந்த மகராசிக்குப் படத்தைக் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினார் சுயம்புலிங்கம்.

"நீ போ. நான் வீட்ல இருக்கேன்."

"ஐயோ, நீங்க வீட்லயா?" தங்கம் பதறிப்போனாள். "ராஜா ராணி கதைன்னா உங்களுக்கு உசுராச்சே!"

என்ன பாசம் என்று உருகிப்போன சுயம்புலிங்கம், தியேட்டரில் வேலை செய்யும் சிநேகிதரைப் பிடித்து இன்னொரு டிக்கெட் வாங்கிவிட்டார்.

"ராத்திரிச் சாப்பாடு?" என்றாள் தங்கம்.

"ஹோட்டல்ல சொல்லிட்டேன்."

"தண்ணி லாரி வருமே!"

"மேல்வீட்டு வஜீஹா பார்த்துக்கிடுவாங்க."

"எனக்குத் தலைவலிங்க."

"மதினிக்கு முடியலைன்னா நாங்களும் போகல," என்று தம்பி சட்டையைக் கழற்றினான். "வீட்லயே இருப்போம். சூடா பஜ்ஜி போட்டுச் சாப்பிடலாம்."

தங்கம் ஓடிப்போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

படம் பிரமாதம். யானைப்படை வந்தபோது தம்பி விசிலடித்தான். இடைவேளைக்குப் பிறகு ராணி, "எல்லோரும் வெளியேறுங்கள்! சற்று நேரம் நான் தனித்திருக்க வேண்டும்," என்று சபையைக் கலைத்தாள். தங்கம் தேம்பித் தேம்பி அழுதாள். சுயம்புலிங்கமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு ரசனை உள்ளவளை இத்தனை வருஷமாகக் கவனிக்காமல் விட்டோமே என்றிருந்தது.

வெளியே வந்ததும் தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். "உங்க புண்ணியத்துல இப்படி ஒரு படம் பார்த்தோம், மதினி. இந்த நன்றியை மறக்கவே மாட்டோம்."

தங்கம் மறுபடியும் தேம்ப ஆரம்பித்தாள்.

சுயம்புலிங்கம் மகளிடம் பெருமையாகச் சொன்னார். "பார்த்தியா மதுமதி? நான் மட்டும் பிடிவாதமா நிக்கலைன்னா உங்கம்மா இந்த நல்ல படத்தைப் பார்த்திருக்கவே மாட்டா."

மதுமதி பாப்கார்னை மென்றுகொண்டே சொன்னாள்: "நல்ல படம் எதுன்னு அம்மா என்கிட்ட கேக்கவே இல்லப்பா. இப்ப ஓடுறதுலயே ரொம்ப நீளமான படம் எதுன்னுதான் கேட்டாங்க."