மூன்று பூட்டுப் போட்ட மீன் வண்டி

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி.

மஸ்கட்டில் மனைவி மக்களோடு சீரும் சிறப்புமாக வாழும் மைத்துனர் ஆனந்தராஜ் அவர்களுக்கு, அக்காள் புருஷன் ராமதாஸ் எழுதுவது. இங்கு நான், உன் அக்காள் அஞ்சலாட்சி, உன் அக்காளின் கழுத்து ஆகிய மூவரும் நலம். அங்கு நீங்கள் எல்லோரும் அவ்வாறே இருக்க கெங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். பாதியிலேயே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

"மாமா, எங்க அக்கா தலையில இன்னொரு வாட்டி மீன் கூடைய பாத்தேன், டிக்கெட் போட்டு வந்து அவள இங்க கூட்டிக்கினு போயிடுவேன்" என்று நீ சொன்னது நியாயமான கோபம். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி தலையில் ஒரு முழம் பூவுக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் உண்மை. நானும் அவளை வீட்டில் உட்கார வைத்துப் பார்த்தேன். நான் டீ குடிக்கும் சத்தத்தில் குறை, லுங்கி மடிப்பதில் குறை. பேரம் பேச ஆள் கிடைக்காமல் என்னிடமே பேசினாள். மூன்று தோசை கேட்டால் ஒன்றரையில் முடி என்றாள். ஆனால் கருவடிக்குப்பத்து வாடிக்கை வீடுகளெல்லாம் வேறு ஆளிடம் போய்விடுமே என்று அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதபோது எனக்குத் தாங்கவில்லை. தொழிலை விட்டால் அவள் அவளாக இருக்க மாட்டாள், மாப்பிள்ளை.

அந்த நேரத்தில்தான் அரசாங்கம், சேதராப்பட்டு கம்பெனி ஒன்று, பெண்கள் சங்கம் மூன்றும் கைகோத்து மீன்காரப் பெண்களுக்கு உதவப்போவதாகச் சொல்லிக் குப்பத்துக்கு வந்தார்கள். அரசாங்கத்து ஆபீசர் கோபிநாத் சார் பேட்டரி வண்டி தந்தார். கம்பெனி மேனேஜர் நெடுமாறன் சார் அதன்மேல் ஐஸ் பெட்டி வைத்தார். சங்கத்துக் கலைவாணி மேடம் பயிற்சி கொடுத்தார். மீன் விற்பது எப்படி என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மீன் விற்கும் உன் அக்காளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். சமோசா நன்றாக இருந்தது என்றாள்.

எல்லாம் சரியாகத்தான் போனது, பெட்டிக்குப் பூட்டு வாங்கும்வரை. யார் பூட்டுப் போடுவது? மூன்று பேரும் சமம் அல்லவா, அதனால் மூன்று பூட்டு. ஆளுக்கொரு சாவி, அதையும் பொறுப்பாக ஆளுக்கொரு பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். முதல் நாள் விடியலில் கரையில் ஏலம் எடுத்த மீனோடு வண்டிக்கு வந்தால், ஐஸ் பூட்டிய பெட்டிக்குள், மீன் வெளியில். கோபிநாத் சார் முதலில் வந்து தன் பூட்டைத் திறந்துவிட்டு, "என் கடமை முடிஞ்சிச்சும்மா" என்றார். நெடுமாறன் சார் சேதராப்பட்டிலிருந்து வந்துகொண்டே இருந்தார். கலைவாணி மேடம் கூட்டு முயற்சியைப் பற்றிப் பேச சென்னைக்குப் போயிருந்தார். உன் அக்காள் ஐஸ் பெட்டியின் மேலேயே மீனைப் பரப்பி, முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள். போகிற வருகிறவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அவள் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

சாவிகளை அவளிடமே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டதற்குக் கூட்டம் போட்டார்கள். அப்படிக் கொடுத்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தது. கடைசியில் மூவரும் தினமும் காலையில் நேரிலேயே வந்து திறப்பது என்று ஒருமனதாக முடிவு செய்து, கைதட்டிவிட்டு எழுந்தார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆனால் வந்தார்கள், மாப்பிள்ளை! வாய்ச்சொல்லோடு நிற்காமல் அன்றிலிருந்து மூவரும் வருகிறார்கள். ஏதாவது ஒரு சாவி தாமதமானால்கூட மீன் வாடுவதில்லை, விறைப்பாகவே இருக்கிறது. எல்லாம் அந்தப் பெட்டியின் மகிமை.

வண்டி கம்பெனியின் சிமெண்டுத் தரையில் பறக்குமாம். நம் கரை மணலில் ஓட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சக்கரம் புதைந்துவிடும். எனக்கோ முட்டி வலி. அதனால் பூட்டைத் திறந்த கையோடு சார்கள் இருவரும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, மேடம் புடவையைச் செருகிக்கொண்டு, ரோடு வரைக்கும் தள்ளுகிறார்கள். தள்ளியதும் விட்டுவிடுவாளா உன் அக்காள்? "பெட்டிய தொறந்த கை போணி பண்ணாம போனா அன்னிக்கு யாவாரம் ஆவாது சார்" என்று வழியை மறித்துக்கொள்வாள். கோபிநாத் சார் சுத்த சைவம். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெத்திலி வாங்கி ஆபீஸ் வாட்ச்மேனுக்குக் கொடுக்கிறார். அந்த வாட்ச்மேன் இப்போது அவருக்கு எழுந்து நின்று சல்யூட் வைக்கிறாராம்.

கரையில் இருட்டாக இருக்கிறது என்பதை கோபிநாத் சார் தானே தடுக்கி விழுந்து கண்டுபிடித்தார்; அந்த வாரமே விளக்கு வந்துவிட்டது. வெயிலில் வாடிய நெடுமாறன் சார் ஏலம் போடும் இடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தார். கலைவாணி மேடம் கருவடிக்குப்பத்து அடுக்குமாடிப் பெண்களிடமெல்லாம் சொல்லி வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்துத் தருகிறார். போன வாரம் நான் ஏதோ உளறினேன். உன் அக்காள் கழுத்தை மட்டும் திருப்பி என்னை முறைத்தாள். இத்தனை நாளாக உடம்போடு சேர்ந்துதான் திரும்புவாள், உனக்கே தெரியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மூன்று புண்ணியவான்களும், அவர்கள் பிள்ளை குட்டிகளும், அந்த மூன்று பூட்டும் நன்றாக இருக்க வேண்டும்.

ஆகவே நீ டிக்கெட் போட்டு வா, ஆனால் அக்காளைக் கூட்டிப் போக அல்ல, மீன் குழம்பு சாப்பிட. தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. கெங்கையம்மன் உங்களைக் கண்கொண்டு பார்ப்பாள்.

இப்படிக்கு,
ராமதாஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. இன்று ஞாயிறு, சாவிக்காரர்கள் யாரும் வரவில்லை. குழம்புக்கு மீன் இல்லையே என்றேன். உன் அக்காள் வண்டிப் பக்கம் போய், ஐஸ் ஒட்டிய சங்கரா மீனோடு வந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தேன், மூன்று பூட்டும் பூட்டியபடியே தொங்கின.

"பூட்டு முன்னால தொங்குது. கீலு பின்னால இருக்குது. ஆணிய உருவுனா மூடி அந்தப் பக்கமா தொறக்குது. மொத நாளு சாயங்காலமே பாத்துட்டேன்" என்றாள்.

"அப்புறம் எதுக்கு தெனமும் அவங்கள வரவெக்கிற?"

"சும்மா வான்னா வருவாங்களா? சாவி கையில இருக்கறதாலதான் வராங்க. வந்ததாலதான் லைட்டு வந்துச்சு, கூரை வந்துச்சு. அவங்க வரலன்னா மணல்ல வண்டிய யாரு தள்றது, நீயா?"

ஊருக்கு வந்தால் நீ வாயைத் திறக்காதே. வார்டு மக்கள் குழுவுக்கும் நான்காவதாக ஒரு பூட்டு ஒதுக்கலாமா என்று கோபிநாத் சார் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். மழைக்காலம் வருகிறது, சக்கரம் இன்னும் புதையும், தாராளமாகப் போடச் சொல் என்கிறாள் உன் அக்காள்.