நாலு சரணமும் வாசித்தவள்

பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பித்தால் பொறுமை வரும், ஞாபகசக்தி வரும், தன்னம்பிக்கை வரும் என்கிறார்கள். உண்மைதான். என் விஷயத்தில் தன்னம்பிக்கை மட்டும் முதல் பஸ்ஸிலேயே வந்திறங்கிவிட்டது. மற்றவை வந்துசேரப் பல வருடம் பிடித்தது. அந்த இடைவெளியில்தான் அக்காவின் கலியாணம் நடந்தது.

எனக்குப் பதின்மூன்று வயது. தீவுப்பக்கத்து ஊர்காவற்றுறையில் எங்கள் கோயிலில் (கத்தோலிக்க வேதக்காரரான எங்களுக்கும் அது கோயில்தான்) கீபோர்ட் வாசித்த ஓர் அண்ணை பிரான்சுக்குப் போய்விட்டார். இரண்டு வருடம் கீபோர்ட் வகுப்புக்குப் போயிருந்த ஒரே ஆள் நான். ஆகவே கோயிலின் ஆஸ்தான வித்துவானும் நானே.

மாப்பிள்ளை கனடா. அவருடைய தாய்க்குக் கொழும்பில் பெரிய மண்டபத்தில் கலியாணத்தை வைக்கத்தான் விருப்பம். "எங்கடை கோயிலிலைதான் தாலி ஏறவேணும்" என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். அரைமனதோடு சம்மதித்த அந்த மாமியின் வீட்டில்தான் அக்கா இனி வாழவேண்டும். அதனால் ஒரு சின்னப் பிழையும் வரக்கூடாது என்று அம்மா எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

"யாழ்ப்பாணத்திலையிருந்து வாசிக்க ஒரு ஆளைப் பிடிப்பமோ?" என்றார் அப்பா.

"ஏன், நான் இருக்கிறன்தானே?" என்றேன். (என்னை ஒருவரும் கேட்கவில்லை.)

மணமகள் கோயிலுக்குள் வரும்போது வாசிக்கும் பாட்டை இரண்டு கிழமை பழகினேன். அதில் ஒரு சிக்கல் இருந்தது. அதன் முதல் வரியும், சவப்பெட்டி கோயிலுக்குள் வரும்போது வாசிக்கும் பாட்டின் முதல் வரியும் ஒரே மாதிரிப் போகும். இரண்டாவது வரியில்தான் பிரியும். இதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

அன்று மாமி பட்டுச்சேலையோடு முன்வரிசையில் இருந்தார். அப்பாவின் கையைப் பிடித்தபடி அக்கா வாசலில் நின்றாள். பூசை வைக்கும் சுவாமி தலையாட்டினார். முதல் வரி தேன். இரண்டாவது வரியில் என் விரல்கள் தமக்குப் பழகிய பாதையில் திரும்பிவிட்டன.

பாடகர் குழு வாயை மூடியது. பெரியப்பா எழும்பித் தலைகுனிந்து நின்றார். பெரியம்மா பழக்கதோஷத்தில் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். குழுவை நடத்தும் டீச்சர் என் தோளில் கிள்ளினார்.

"நிப்பாட்டடி! இது செத்தவீட்டுப் பாட்டு!"

"ஏலாது டீச்சர். பிழை விட்டாலும் நடுவிலை நிப்பாட்டக்கூடாது எண்டுதானே படிப்பிச்சவை."

(இரண்டு வருடத்தில் நான் ஒழுங்காகப் படித்த ஒரே பாடம் அதுதான்.)

அப்பா வாசலிலேயே விறைத்துப்போய் நின்றார். அக்காதான் கையைப் பிடித்து இழுத்தாள். "நடவுங்கோ அப்பா. இல்லாட்டி அவள் நாலு சரணமும் வாசிச்சு முடிப்பாள்."

நடந்தார்கள். ஆனால் அந்தப் பாட்டுக்கு வேகமாக நடக்க முடியாது. நாலு சரணமும் வாசித்து முடித்தேன்.

பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிப்போய்க் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டேன். அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று உண்மையாகவே நம்பினேன். மாமி என்னைத் தேடி வந்தார்.

"பிள்ளை, உமக்குக் கலியாணப் பாட்டு ஒண்டும் தெரியாதோ?"

"பழகினனான் மாமி. ஆனா இஞ்சை ஆர் கலியாணம் கட்டுகினம்? எல்லாரும் வெளிநாட்டிலைதானே. நான் கோயிலிலை வாசிச்சதெல்லாம் செத்தவீட்டுக்குத்தான்."

மாமியும் இந்தத் தீவை விட்டுப் போனவர்தான். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "உம்மடை கீபோர்ட்டைக் கொண்டு வாரும். கலியாணப் பாட்டை இப்ப வாசியும், நான் கேக்கிறன்."

வாசித்தேன். இரண்டாவது வரியில் விரல் மறுபடியும் இழுத்தது. இந்த முறை நிறுத்தினேன். மாமியின் முகத்தைப் பார்த்தேன். திரும்பத் தொடங்கினேன்.

இப்போது நான் தாதி. ஊசி போடும்போதும் சரி, கறிக்கு உப்புப் போடும்போதும் சரி, பழகிய கை தன்பாட்டில் ஓடத் தொடங்கினால் ஒரு கணம் நின்று, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பேன். சங்கீதம் எனக்குத் தந்தது அதைத்தான்.

போன வருடம் அப்பா காலமானார். அக்காவும் அத்தானும் மாமியும் கனடாவிலிருந்து வந்தார்கள். அப்பாவின் பெட்டி கோயிலுக்குள் வர, இப்போது கீபோர்ட் வாசிக்கும் பொடியன் அந்தப் பாட்டைத் தொடங்கினான். ஊருக்கு அது செத்தவீட்டுப் பாட்டு. எங்கள் வீட்டில் அது அக்காவின் கலியாணப் பாட்டு. அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். இருவருக்கும் தோள் குலுங்கத் தொடங்கியது. பின்னால் இருந்த பெண்கள் அழுகிறோம் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டார்கள். அழுதுகொண்டும்தான் இருந்தோம்.

மாமி மட்டும் குனிந்து எங்கள் காதில் சொன்னார்:

"பேசாமல் இருங்கோ பிள்ளையள். இன்னும் மூண்டு சரணம் கிடக்கு."